புட்டிக்காரிக்கும் சேர்த்துக் கேட்டவள்

ரோசலின் பள்ளிச் சீருடையோடு வாசலில் வந்து நின்றபோது, நான் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். "பாரு அத்தே" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மா போயிட்டாங்க" என்றாள். தலைவலி என்று காலையில் படுத்தவள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டாள் என்று கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பது வயதைக்கூடத் தொடாதவள். சண்டை போடாமல் எதையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள். இதை மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாள் என்று அவள் மீதே எரிச்சல் வந்தது.

லூர்துமேரி என்றால் எங்கள் லூனாஸ் பட்டணத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. சண்டைக்கார லூர்து என்றால் எல்லாருக்கும் தெரியும். அடக்கத்தன்று ஒரு பெரியவர் எழுந்து, "அமைதியும் பொறுமையும் நிறைந்த தாய்" என்று பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் ரப்பர் தோட்டத்தில் அவளோடு பால்மரம் வெட்டிய நாங்கள் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அழுத கண்ணோடு சிரிப்பை அடக்குவது பெரிய பாடாகப் போய்விட்டது. அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அவளோடு நிரையில் நின்றவர்களும், தொழிற்சாலை பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தவர்களும் இதைப் படித்தால் போதும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. ஆளுக்கு ஒதுக்கிய மரவரிசைதான் நிரை; அவள் நிரை முடியும் இடத்தில் என் நிரை தொடங்கும். அவளுக்கு ரோசலினும் எனக்குச் சேகரும் ஒரே மாதத்தில் பிறந்தார்கள். அதனால் நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அவளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

பிரசவம் முடிந்த சில நாளில் எனக்கு மார்பில் கட்டி வந்தது. காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தேன். ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டது. மற்ற மார்பிலும் பேருக்குத்தான் ஏதோ சுரந்தது. சேகர் புட்டிக்குப் போனான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மாவைப் பார்த்து நானும் டின் பாலுக்கு ஆசைப்பட்டுவிட்டேனாம். உடம்பு கெட்டுவிடும் என்று பிள்ளையைப் பட்டினி போடுகிறேனாம். லூர்து மட்டும் மறைத்துப் பேசவில்லை. நேராக வீட்டுக்குள் வந்து அடுப்படியில் இருந்த டின்னைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, மாட்டுக்கா புள்ள பெத்த?" என்றாள்.

நான் ரவிக்கையை விலக்கிக் கீறிய காயத்தைக் காட்டினேன். அது அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. லூர்து அதைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். புட்டியைக் கழுவினாள். ரப்பர் காம்பைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "புட்டியில நாத்தம் இருந்தா வயித்துக்கு ஆவாது, நல்லா அவிச்சி வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் லயத்துக் குழாயடியில் யாரோ என்னைப் பற்றி ஆரம்பித்தபோது, "அவ மாரைக் கீறினப்ப வலி உனக்கா வந்துச்சி?" என்று அவள் கேட்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகிதிகள்.

தோட்டத்து நாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பிள்ளைகளை, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நாங்கள் காட்டுக்குப் போவோம். வெட்டிய மரத்திலிருந்து பால் வடிந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நிறைய நல்ல நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் பசியாறுவோம். கைப்பிள்ளைக்காரிகள் பசியாறாமல் கொட்டகைக்கு ஓடுவார்கள். கொட்டகை எங்கள் நிரையின் ஓரத்திலேயே இருந்தது. தாய்ப்பால் கொடுப்பவள் மாரில் போட்டுக் கொடுப்பாள், நான் மடியில் போட்டுப் புட்டியில் கொடுப்பேன். பிறகு திரும்பி வந்து வாளியில் பாலைச் சேர்ப்போம், ஸ்டோருக்குச் சுமப்போம், நிறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உச்சி வெயிலாகிவிடும். பிள்ளைக்காக அந்த இடைவெளியில் ஓடுவது எந்தச் சட்டத்திலும் எழுதாத வழக்கம். யாரும் கொடுத்ததில்லை என்பதால், யார் வேண்டுமானாலும் அதைப் பறித்துவிடலாம் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் புதிய கொட்டகை கட்டினார்கள். சிமெண்டுத் தரை, மின்விசிறி, சுவரில் முயலும் வாத்தும். எங்கள் நிரையிலிருந்து வெகு தூரத்தில், ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில், பெரிய ரோட்டோரம் இருந்தது. பார்க்க வருகிறவர்களெல்லாம் மெச்சினார்கள். திறந்த அன்று பால்மாவு விற்கும் ஒரு பெண்ணும் வந்தாள். நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து. அவள் நர்ஸ்தான் என்று நாங்கள் நம்பினோம். குண்டுக் குழந்தையின் படத்தைக் காட்டி ஆளுக்கொரு டின் இலவசமாகக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. மரப்பாலை எடை போட்டு முடியும்வரை யாரும் காட்டை விட்டு வரக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆயாவே புட்டியில் கொடுத்துவிடுவார். பெரிய உபகாரம் செய்வதாகத்தான் தோட்ட மேனேஜரான துரை நினைத்தார். பல பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஓட வேண்டாம், பசியாறலாம், முதுகைச் சாய்க்கலாம். அதில் தப்பே இல்லை. களைத்துப்போன உடம்புக்குத்தான் அதன் அருமை தெரியும்.

லூர்துவுக்குத்தான் அது பெரிய வதையாகிவிட்டது. ரோசலின் புட்டிக் காம்பை நாக்கால் தள்ளிவிடுவாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடப்பாள். இங்கே காட்டில் இவளுக்கு மார் கல்லாகிவிடும். மரத்துக்குப் பின்னால் போய்ப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டு, நனைந்த ரவிக்கையோடு வந்து வாளியைத் தூக்குவாள். "எறும்புக்குக் குடுக்கறேன், எம்புள்ளைக்குக் குடுக்க முடியல" என்று பல்லைக் கடிப்பாள். மற்றவர்கள் பிள்ளை அழுதாலும் அவளுக்குப் பால் ஊறிவிடும். "யாரு புள்ள கத்துனாலும் எனக்குச் சட்ட நனையுது, நான் என்னா செய்ய?" என்று அவள் கேட்டதை நாங்கள் வெகு நாள் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அப்போது சிரிப்பாக இல்லை.

என் கதை வேறு. எனக்குக் கொடுக்கப் பாலே இல்லை. அதனால் இந்தச் சட்டம் என்னை ஒன்றும் செய்யாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் வெட்டுக்கத்தி பட்டு விரல் கிழிந்துவிட்டது. மருந்து கட்ட ஆபீஸ் பக்கம் போனவள், புதிய கொட்டகையை எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வாய்ப்பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் புட்டியைச் சாய்த்து நிறுத்தியிருந்தது. சேகர் கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்தபடி உறிஞ்சிக்கொண்டிருந்தான். பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. புரையேறி இருமினான். புட்டி உருண்டு விழுந்தது. எடுத்துக் கொடுக்க ஆளில்லை, நான்தான் உள்ளே ஓடி எடுத்துக் கொடுத்தேன். ஆயாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அம்மாளுக்கும் இரண்டு கைதானே, அந்தக் கைகளில் அப்போது வேறொரு பிள்ளை கழிந்துகொண்டிருந்தது.

பல வாரமாக அவன் காதில் ஏன் சீழ் வடிந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஏன் எடை ஏறவில்லை, என்னைக் கண்டாலும் ஏன் கை நீட்டவில்லை என்பதும் புரிந்தது. பசிக்கு ஏதோ ஒன்று வாயில் வரும், அதற்கு முகம் கிடையாது என்று அவன் பழகியிருந்தான். மருந்து கட்டாமலே, விரலில் ரத்தம் ஒழுக நிரைக்கு ஓடி வந்து லூர்துவிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொன்னாலும், "பால் இல்லாதவளுக்கு இவ்வளவு பேச்சா" என்று கேட்டிருப்பார்கள். அவள் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். "சரி" என்றாள். அவள் ஒரே வார்த்தையில் பேசினால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தோம். தராசுக்கு முன் வரிசை நின்றது. லூர்து தன் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போய் ரோசலினைத் தூக்கி வந்தாள். ஸ்டோர் படிக்கட்டில், தராசுக்கு எதிரேயே உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள். எங்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் பதறிப்போனார்.

"யம்மா, என்னா இது? வாளிப் பாலை நிறுத்துட்டுப் போயி வூட்டுல வச்சிக் குடு."

"எம்புள்ள குடிச்சி முடிக்கட்டும். அப்பறம் நிறுக்கறேன்."

"வெயில்ல பால் கட்டிப்போயிரும்லா!"

"கட்டட்டும். இங்கயும்தான் கட்டிப்போயிக் கெடக்கு" என்று தன் மாரைக் காட்டினாள். வரிசையில் இருந்த ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மரப்பால் வெயிலில் நின்றால் தயிர்போல உறைந்துவிடும். உறைந்தது விலை போகாது. எங்களுக்கும் அன்றைய கூலி போகும், தோட்டத்துக்கும் நஷ்டம். அவள் தெரிந்துதான் செய்தாள். கைப்பிள்ளைக்காரிகள் முதல் நாள் தயங்கினார்கள். ஒருத்தி போய் உட்கார்ந்தாள், பிறகு இன்னொருத்தி. அடுத்த நாள் படிக்கட்டில் இடம் போதவில்லை. பிள்ளை இல்லாத பெண்களும் வாளியை வைத்துவிட்டுச் சும்மா நின்றார்கள். வீடுகளில் ஆண்கள் குதித்தார்கள். என் வீட்டுக்காரர் கோவிந்தன், "உனக்குத்தான் பாலே இல்லியே, நீ எதுக்கு நடுவுல?" என்று கேட்டார். நான் சேகரின் காதை அவருக்கு முன் திருப்பிக் காட்டினேன். அடுத்த நாள் அவர் தம் வாளிகளையும் கொண்டுவந்து எங்கள் வாளிகளோடு வைத்துவிட்டு, மரநிழலில் போய் நின்றார்.

நான் உட்காரத்தான் கூச்சப்பட்டேன். எல்லாரும் மாரில் போட்டிருக்கிறார்கள், என் கையில் புட்டி. வெள்ளை உடுப்புக்காரியின் ஆள் மாதிரி எனக்கே தோன்றியது. ஓரமாக நின்றுகொண்டே சேகருக்குக் கொடுத்தேன். லூர்து பார்த்துவிட்டாள். "ஏய் பாரு, நின்னுக்கிட்டு யாராச்சும் புள்ளைக்குக் குடுப்பாங்களா? உக்காரு." பக்கத்தில் இருந்தவளை இடித்து நகர்த்தி எனக்கு இடம் செய்தாள். உட்கார்ந்தேன். அவள் தோள் என் தோளில் இடித்தது. லூர்து பக்கத்தில் இருக்கும்போது ஏதும் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கடைசியில் துரை வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம்மூர் ஆள்தான், ஈப்போவில் பிறந்தவர், தோட்டத்துத் தமிழ் பேசுவார். கெட்டவர் இல்லை. உறைந்த வாளிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். லூர்துவிடம் நேராகச் சொன்னார். "நீ சொல்றது நியாயம். பாலைக் கட்டி வச்சா ஒடம்புக்கு ஆவாது. பழைய கொட்டகையைத் தொறந்து விடறேன். தாய்ப்பால் குடுக்கறவங்க புள்ளையை அங்க விடுங்க. பசியாற நேரத்துல போங்க. புட்டிக்காரங்க புள்ள இங்கயே இருக்கட்டும், அவங்க போவ வேணாம். ஆயா குடுத்துருவாங்க. சரியா?"

எல்லாருக்கும் மூச்சு வந்தது. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் படிக்கட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் கிடைத்துவிட்டது. புட்டிக்காரிகள் நாங்கள் மூன்று நான்கு பேர்தான். நான் குனிந்து சேகரின் வாயிலிருந்த புட்டியைப் பார்த்தேன். அதை இனி அந்தத் துணிச்சுருள்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். எழுந்து சண்டை போட எனக்கு என்ன இருக்கிறது? பால் இல்லை என்பது உண்மைதானே.

லூர்து எழுந்திருக்கவில்லை. ரோசலினை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள்.

"சரியில்ல தொர" என்றாள்.

"ஏன்? உனக்கு வேண்டியது கெடச்சிருச்சே?"

"எனக்குக் கெடச்சிச்சி. இவளுக்கு?" என்று முழங்கையால் என்னை இடித்தாள். "இவளும்தான் பெத்தா. என்னைவிட ரொம்பப் பட்டுப் பெத்தா. புட்டியில இருக்கறது மாட்டுப் பாலா இருக்கட்டும், டின் பாலா இருக்கட்டும். கை ஆத்தா கையா இருக்கணும். புள்ள மொகத்தப் பாத்துக் குடுக்கணும். புட்டிக்காரியும் போவணும். இல்லாட்டி நானும் போவல."

பின்னால் இருந்த ஒருத்தி, "லூர்து, வந்ததை வாங்கிக்கலாம்டி" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்காக எத்தனை பேர் எத்தனை நாள் கூலியை விடுவார்கள்? லூர்து திரும்பியே பார்க்கவில்லை. "சாபார்லா, இரு" என்றாள். யாரைப் பொறுக்கச் சொன்னாள், அவளையா, துரையையா, எங்களையெல்லாமா என்று தெரியவில்லை. எல்லாருமே பொறுத்தோம். அன்றைக்குப் பால் முழுக்க உறைந்தது. வாளியைக் கவிழ்த்தால் வெள்ளைக் கட்டியாக முழுசாக விழுந்தது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கைப்பிள்ளை உள்ள எல்லாரும் போகலாம் என்று மண்டோர் சொன்னார். புட்டி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. பழைய கொட்டகையின் கூரை ஒழுகியது, மின்விசிறி கிடையாது, கொசு பிடுங்கும். அங்கேதான் சேகரை மடியில் போட்டுக் கொடுத்தேன். காது ஆறிற்று. கொஞ்ச நாளில் என்னைத் தூரத்தில் கண்டதுமே காலை உதைக்கத் தொடங்கினான். அப்படி அவன் முதல் முறை உதைத்த அன்று நான் அழுதேன். லூர்து, "இப்ப ஏண்டி அழுவற, காரியம் கெட்டவளே" என்று திட்டினாள்.

எண்பதுகளில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். நாங்கள் லூனாஸ் பட்டணத்துக்கு வந்தோம். அவள் தொழிற்சாலைக்குப் போனாள், நான் பாலர் பள்ளிக்கு வந்தேன். கடைக்குட்டி ஜோசப்புக்கு அவள் மூன்று வயது தாண்டியும் பால் கொடுத்தாள். ஊரே சிரித்தது. நானும்தான். வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன். தடவினாள். அவன் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுக் குடித்தான். "இவ்வளவு மெனக்கெட்டுக் கேக்கறான், எப்படிடி இல்லேன்னு சொல்ல?" என்றாள். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் சம்பந்தமாக ஒரு முறை அலோர் ஸ்டார் போனோம். அரசாங்க ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது அவன் சேலையைப் பிடித்து இழுத்தான். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் மூடிக் கொடுத்தாள். முகப்பில் இருந்தவர் வெளியே போய்க் கொடுக்கும்படி கையைக் காட்டினார். "டியா லாப்பார், எஞ்சே" என்று மலாயில் சொன்னாள். இவனுக்குப் பசிக்கிறது ஐயா, அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. அவரும் ஒரு தகப்பனாக இருந்திருக்க வேண்டும். எங்களை முன்னால் கூப்பிட்டு வேலையை முடித்து அனுப்பினார். நானாக இருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன்.

அதே லூர்து, தொழிற்சாலையில் ஓர் இளம் பெண் மாறி மாறி வரும் ஷிப்டுக்குத் தாங்காமல் பிள்ளைக்குப் பால் நிறுத்தியபோது, "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுமை இல்ல" என்று பேசியவர்களைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வயசு வரைக்கும் நான் குடுத்தது எனக்கு முடிஞ்சிச்சி, குடுத்தேன். அவளுக்கு முடியல. இதுல உங்களுக்கு என்னா சூசா, என்னா தொல்லை?" என்று கேட்டாளாம். அந்தப் பெண் அடக்கத்துக்கு வந்திருந்தாள். பெட்டிப் பக்கத்திலேயே வெகு நேரம் நின்றாள். எனக்கு அவளைத் தெரியாது. இருந்தும் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

சேகருக்கு இப்போது என் உயரம். பெட்டியைத் தூக்கியவர்களோடு அவனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். அவன் பெரியம்மாவுக்குத் தோள் கொடுத்ததாகத்தான் நினைத்திருப்பான். வேறு என்ன தெரியும் அவனுக்கு? வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டான். "அப்படின்னா நீங்க எனக்குப் பால் குடுத்ததே இல்லியாம்மா?" என்றான். கொடுத்தேன் என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். ஒழுகுகிற அந்தக் கொட்டகையில், என் இடது கை மடிப்பில் அவன் தலை கனத்த கனம், குடிக்கும்போது என் முகத்தை விட்டு அகலாத அவன் கண். எனக்கு அது கிடைப்பதாக இல்லை. அவளுக்குத்தான் கிடைத்தது. அதை வேண்டாம் என்று திருப்பித் தள்ளிவிட்டு, எனக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தாள்.